கல்யாணத்துக்கு வைத்திருந்த துணி

லாசினாவை அடித்துக் கொன்றது பட்டப்பகலில். தடுப்புப் போட்டிருந்த பையன்கள் டயர் ஒட்டும் கடையிலிருந்து அவனை இழுத்துவந்து, தெருமுனைத் தடுப்புக்கு முன்னால் முட்டிபோட வைத்து, அடையாள அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வடக்கத்திப் பெயர், நாட்டின் வடபகுதி முஸ்லிம்களுடையது. அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. முதல் செங்கல் முகத்தில் விழுந்தது. நான் அச்செக்கே என்கிற மரவள்ளிப் புட்டுக் கூடையோடு சாக்கடை ஓரம் நின்றிருந்தேன். ஓடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. செங்கல் போட்டவர்களில் இரண்டு பேர் முந்தின வாரம் என்னிடம் மரவள்ளியும் மீனும் வாங்கித் தின்றவர்கள்.

அவன் கடை டயரையே எடுத்து அவன் கழுத்தில் மாட்டினார்கள். ஒருவன் பெட்ரோல் எடுக்கப் போனான். அந்த நேரம் பார்த்துப் பெரிய சாலைப் பக்கம் குண்டு விழுந்தது. கூட்டம் சிதறி ஓடியது. லாசினா மட்டும் டயரோடு கிடந்தான். உயிர் அதற்கு முன்பே போயிருந்தது.

தேர்தலில் தோற்றவர் நாற்காலியை விடாமல், நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள் இருந்த வருஷம் அது. யோப்புகோன் பேட்டையில் எங்கள் தெரு ஒருவர் பக்கம், லாசினாவின் பெயர் இன்னொருவர் பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

நானும் என் புருஷன் யெபூவாவும் அவனைத் தள்ளுவண்டியில் போட்டுச் சாக்கால் மூடி எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு அறைகள், ஒரு குழாய், ஒரு மாமரம். மூலை அறை லாசினாவுடையது. அவன் மனைவி நசெனேபா தையல்காரி. வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து சாக்கை விலக்கினாள். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கையைத் தூக்கி, விரல் நகத்தில் இருந்த டயர் ஒட்டும் கறுப்புப் பசையைப் பார்த்தாள். பிறகு, "உள்ள கொண்டாங்க" என்றாள். அவள் மகள் கொரொத்தூம்தான் கத்தினாள். நசெனேபா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை அவள் எடுக்கவில்லை. சத்தம் தெருவுக்குப் போனால் அடுத்தது அவர்கள்தான்.

நசெனேபாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் மெழுகுச்சாயம் போட்ட ஒல்லாந்துத் துணி, கட்டுக் கட்டாக. பெரும்பகுதி ஒரே ரகம். கருநீலத்தில் வெள்ளைச் சோழிகள் இறைத்தாற்போல. சந்தையில் அந்தத் துணிக்கு 'பகையாளி பார்க்கட்டும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கொரொத்தூமின் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் ஒன்றுபோல உடுத்துவதற்காக வருஷக்கணக்கில் சேர்த்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த தங்கநிற முத்திரைகூடக் கலையாமல் வைத்திருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பு மாற்றி மடித்து, மிளகும் வேப்பிலையும் போட்டுத் திரும்பப் பூட்டுவாள். அவள் உடுத்துவதோ ஊருக்குத் தைத்து மிஞ்சிய ஒட்டுத்துணி.

பக்கத்து அறை லெயோந்தீன் பெத்தே சாதிக்காரி, எங்கள் தெரு ஆதரித்த ஜனாதிபதியின் சாதி. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பெரிய குரல். அவளுக்கு அந்தப் பெட்டிதான் பொழுதுபோக்கு.

"அந்தப் பெட்டிக்கு ஒரு ஓட்டையாவது போட்டு வைடி. உள்ள துணிக்கு மூச்சு முட்டப் போவுது" என்பாள்.

"உன் கையில கிடைச்சிருந்தா அன்னைக்கே வெட்டி, ஞாயித்துக்கிழமை கோயில்ல இடுப்பை ஆட்டிக்கிட்டு நின்னிருப்ப."

"நின்னிருப்பேன்தான். கறையானுக்கு ஏன் நான் சீர் வைக்கணும்?"

ஊரில் துப்பாக்கிச் சண்டை தொடங்கிய பிறகு வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிற்று. வடக்கே போகிற பஸ்காரர்கள் வாய்க்கு வந்த கட்டணம் கேட்டார்கள். லாசினா சாவதற்குச் சில நாள் முன்பு அவர்கள் அறையில் நடந்த பேச்சு எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. சுவர் அப்படி.

"ரெண்டு கட்டுத் துணி வித்துட்டா மூணு பேரும் பஸ் ஏறிடலாம்" என்றான் அவன்.

"அதுல கை வைக்காதீங்க. பொண்ணோட மானம் அதுல இருக்கு."

"உசுரு எதுல இருக்கு நசெனே?"

பெட்டியைப் பூட்டுகிற சத்தம் வந்தது. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடை திறக்கப் போனான்.

இப்போது அவனைத் தரையில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினாள். தண்ணீர் சிவந்து முற்றத்துக்கு வந்தது. யெபூவா மண்ணைப் போட்டு மூடினான். கழுவி முடித்ததும் பெட்டியைத் திறந்தாள். அவர்கள் வழக்கத்தில் வெள்ளைத் துணிதான் சுற்ற வேண்டும். வெள்ளை இல்லை. தெருவில் இறங்கி வாங்கவும் வழியில்லை. மேலே இருந்த துணிக்கட்டை எடுத்து, முத்திரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை வைத்தாள். புதுத்துணி வெட்டுப்படும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வெட்டியதை உடனே சுற்றவில்லை. கையில் வைத்துக் கசக்கினாள், விரித்துத் திரும்பக் கசக்கினாள்.

"என்ன பண்ற?" என்று கேட்டேன்.

"அமெனான், இது துவைக்காத துணி. அட்டை மாதிரி இருக்கு. அவருக்குக் குத்தும்."

நான் வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது லெயோந்தீன் வாசலில் நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே துணி இன்னும் எவ்வளவு இருக்கு?"

"எதுக்குக் கேக்குற?"

"சொல்லுடி."

"பெட்டியில பெரும்பாலும் இதுதான். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேத்து வாங்கினது. கீழ வேற ரகம் கொஞ்சம் கிடக்கு."

"அப்ப நம்ம எல்லாருக்கும் தைச்சிடு. ஆம்பளைக்குச் சட்டை, பொம்பளைக்குப் பாவாடை, ரவிக்கை. நாளைக்குக் காலையில நாம ஒரே குடும்பம். செத்தது என் தம்பி லாகோன்னு சொல்லுவோம். மாதா கோயிலுக்கு எடுத்துக்கிட்டுப் போறோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்காரர்கள் ஒரே துணி உடுத்துவார்கள். ஒரே துணியில் பத்துப் பேர் வந்தால் யார் என்ன முறை என்று ஒருவரும் கேட்பதில்லை, துணியே சொல்லிவிடும். கல்லறை போகிற சாலையில்தான் மாதா கோயில். அதன் மதிலுக்குள் ஆயிரக்கணக்கில் ஜனம் அடைக்கலம் புகுந்திருந்தது. வாசலில் சமாதானம் காக்க வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் நின்றார்கள். எங்களுக்கும் கோயிலுக்கும் நடுவே மூன்று தடுப்புகள்.

நசெனேபா நிமிர்ந்தாள். "அவரைப் பெத்தே பேர் சொல்லி எடுத்துக்கிட்டுப் போகப் போறியா?"

"கோயில் வாசல் வரைக்கும்தான். உள்ள போனதும் உன் புருஷனை உன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுறேன்."

நசெனேபா பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அன்று அவள் வெட்டியதுபோல ஒருவர் துணி வெட்டி நான் பார்த்ததில்லை. அளவு எடுக்கவில்லை. ஆளைப் பார்ப்பாள், துணியைப் போடுவாள், வெட்டுவாள். சோழி சோழியோடு சேர வேண்டும், மூட்டு தெரியக்கூடாது என்றெல்லாம் வாடிக்கைக்காரர்களைப் படுத்தி எடுப்பவள், அன்று கோணலாகப் போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கொரொத்தூம் அழுதுகொண்டே பொத்தான் தைத்தாள். நான் விளிம்பு மடித்தேன். மெஷின் சத்தம் வெளியே போகாமலிருக்க லெயோந்தீன் முற்றத்தில் உட்கார்ந்து பாட்டுக் குழுப் பாடல்களை அடித்தொண்டையில் பாடினாள். தடுப்பிலிருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, செத்தது யாரு?" என்று கேட்டான். "என் தம்பிடா" என்று பாட்டை நிறுத்தாமல் சொன்னாள்.

கடைசி அறையில் சியாக்கா என்று ஒரு கொத்தனார் ஒளிந்திருந்தார். வடக்கத்திக்காரர். வாயைத் திறந்தால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கும் ஒரு சட்டை. போட்டுப் பார்த்துவிட்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இப்படித் துணி எனக்குக் கிடைச்சதில்ல" என்றார்.

"உங்க வாய்க்குத்தான் ஒரு பொத்தான் தைக்கணும்" என்றாள் லெயோந்தீன்.

விடிந்ததும் கிளம்பினோம். லாசினாவைப் பாயில் சுருட்டி, மேலே சோழித் துணியைச் சுற்றி வண்டியில் வைத்தோம். லெயோந்தீன் தன் ஜெபமாலையைக் கழற்றி நசெனேபாவின் கழுத்தில் போட்டாள். ரவிக்கைக்குள் நசெனேபா எதையோ செருகியதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

முதல் தடுப்பு எங்கள் தெருமுனை. டயர் கிடந்த இடத்தில் ரத்தம் காய்ந்து கிடந்தது. நேற்று அடித்தவர்கள் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவன் புதியவன். துணியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். லெயோந்தீன் மார்பில் அடித்து ஒப்பாரி வைத்தபடி முன்னே நடந்தாள். சக்கரம் ரத்தத்தின் மேல் ஏறி இறங்கியது.

இரண்டாவது தடுப்பில் அவர்களின் தலைவன் இருந்தான். கழுத்து நிறையத் தாயத்து. கையில் வெட்டரிவாள். "திற" என்றான். யெபூவா அசையவில்லை. அவனே அரிவாள் முனையால் துணியையும் பாயையும் விலக்கினான். பார்த்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்த முகத்தை வைத்து அவன் எந்த ஊர்க்காரன் என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. அடித்தவர்களே அந்த உதவியைச் செய்திருந்தார்கள்.

"யாரு பண்ணது?"

"வடக்கத்தியானுங்க" என்றாள் லெயோந்தீன். "வேலைக்குப் போன பிள்ளையைப் பிடிச்சு இப்படிப் பண்ணிட்டானுங்க."

நசெனேபா தலையைக் குனிந்து நின்றாள். அவன் அவளை அரிவாளால் சுட்டினான்.

"இவ யாரு?"

"பொண்டாட்டி. நேத்துலேர்ந்து வாயே திறக்கலை."

"அழக்கூட இல்லையே. எங்க, உன் புருஷனைக் கொன்னவனுங்களை நாலு வார்த்தை சபி. நாங்களும் கேக்குறோம்."

நசெனேபா இந்த ஊரிலேயே வளர்ந்தவள், சியாக்காவைப் போல உச்சரிப்பு அவளைக் காட்டிக்கொடுக்காது. நிமிர்ந்து அவன் கண்ணையே பார்த்தாள்.

"இவரைக் கொன்னவன் கை அழுகி விழட்டும்" என்றாள். "அவனைப் பெத்த வயித்துல நெருப்பு விழட்டும். அவன் செத்தா மண்ணு அவனை வாங்கக் கூடாது. நாய் இழுத்துக்கிட்டுப் போகட்டும். அவன் பேரைச் சொல்ல ஒரு பிள்ளை மிஞ்சக் கூடாது."

"ஆமென்" என்றான் அவன். பக்கத்தில் நின்றவர்களும் ஆமென் சொன்னார்கள். துணியை அவனே இழுத்து மூடி, வண்டியை ஒரு கை தள்ளியும் விட்டான்.

மூன்றாவது தடுப்பு கோயில் மதிலுக்கு நேராக. வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே இரண்டே பேர். ஒருவன் துப்பாக்கி வைத்திருந்தான், முகம் தெரியாதவன். மற்றவன் சொக்கூ. எங்கள் அடுத்த தெருப் பையன், இருபது வயது இருக்கும். அவனுக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டையிலிருந்து தைத்தது நசெனேபாதான். லெயோந்தீனின் ஒப்பாரி ஒரு கணம் தடுக்கியது.

சொக்கூ வண்டியைப் பார்க்கவில்லை. கொரொத்தூமைப் பார்த்தான்.

"லெயோந்தீன் அத்தை, உங்களுக்குத் தம்பி ஏது?"

"இருந்தான்டா. நீ பாத்ததில்ல."

"இவ டயர்காரன் பொண்ணுதான?" என்று கொரொத்தூமின் கையைப் பிடித்தான். "நீங்க எல்லாம் போங்க. இவ இங்க இருக்கட்டும். நாங்க விசாரிச்சு அனுப்புறோம்."

விசாரணை என்றால் என்னவென்று அந்த மாதங்களில் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கொரொத்தூம் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்த இழுப்பில் ரவிக்கையின் தோள்மூட்டு பிரிந்தது. சியாக்கா தாங்காமல், "விடு தம்பி, பாவம்" என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று வார்த்தை போதுமாயிருந்தது. துப்பாக்கிக்காரன் உச்சரிப்பைக் கேட்டுத் திரும்பினான். மிக அருகில் வைத்துச் சுட்டான். சியாக்கா உட்கார்ந்ததுபோலச் சரிந்தார். வெள்ளைச் சோழிகள் சிவந்தன.

நசெனேபாவின் கை ரவிக்கைக்குள் போய் வந்தது. தையல்காரியின் பெரிய கத்தரிக்கோல். கொரொத்தூமைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் முதல் குத்து. அவன் பிடி நழுவி, விழாமலிருக்க வண்டிப் பலகையைப் பிடித்தான். இரண்டாவது குத்து புறங்கை வழியே துளைத்து மறுபக்கம் வந்து வண்டிப் பலகையில் இறங்கியது. சொக்கூ அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். அவள் அதோடு நிற்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடுங்கித் திரும்ப ஓங்கினாள். லெயோந்தீன் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்காத குறையாக இழுத்தாள். "ஓடுடி. பொண்ணு தப்பிச்சுட்டா, ஓடு."

ஓடினோம். பின்னால் துப்பாக்கி வெடித்தது. என் காதோரம் ஏதோ கீச்சிட்டுப் போயிற்று. லெயோந்தீன் ஒரு தரம் விழுந்து எழுந்து நொண்டினாள். நானும் நசெனேபாவும் ஆளுக்கொரு தோளைக் கொடுத்தோம். யெபூவா வண்டியை விடவில்லை. பிணத்தோடு தள்ளிக்கொண்டே வந்தான். வாசலிலிருந்த சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட, துப்பாக்கிக்காரன் பதுங்கினான். கதவு திறந்து எங்களை விழுங்கிக்கொண்டது.

உள்ளே புழுதியில் லெயோந்தீனைப் படுக்க வைத்தோம். தொடையில் குண்டு. ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது. நசெனேபா தன் பாவாடையின் அடிப்பட்டையைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள்.

"கிழிக்காதடி, புதுசு" என்றாள் லெயோந்தீன். உதடு வெளுத்திருந்தது.

"வாயை மூடு." இறுக்கிக் கட்டினாள். கட்டிய பிறகுதான் நசெனேபா அழுதாள். ரத்தக் கையோடு லெயோந்தீன் மேலேயே விழுந்து, புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். "பஸ்சுக்குக் கேட்டாரு. நான் தரலை. கேட்டாரு, நான் தரலை." லெயோந்தீன் வலியில் முனகியபடி அவள் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

லாசினாவையும், சிப்பாய்கள் போய்த் தூக்கிவந்த சியாக்காவையும் கோயில் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் புதைத்தோம். அங்கே அடைக்கலமிருந்த ஒரு இமாம் தொழுகை நடத்தினார். சோழித் துணியைப் பார்த்து அவர் தயங்கியபோது, "இதைவிட நல்லது எங்கிட்ட இல்ல" என்றாள் நசெனேபா. அவர் கையை உயர்த்தித் தொழுகையைத் தொடங்கினார்.

வடக்கத்திப் படை நகரத்தைப் பிடித்த பிறகு முற்றத்துக்குத் திரும்பினோம். மெஷின் இல்லை. கட்டில் இல்லை. பெட்டியும் இல்லை, அவள் வெட்டாமல் விட்டுவைத்திருந்த மற்ற ரகங்களும் அதோடு போயிருந்தன. ஆணிகூடப் பிடுங்கிப் போயிருந்தார்கள். நாங்கள் உடம்பில் போட்டிருந்ததுதான் மிச்சம்.

இப்போது துப்பாக்கி வேறு கையில் இருந்தது. எரிந்த வீடுகள் வேறு ஆட்களுடையவை. ஒரு மதியம், வடக்கத்திச் சிப்பாய்கள் சொக்கூவை லாரியில் கொண்டுவந்து முற்றத்தில் தள்ளினார்கள். முகம் வீங்கியிருந்தது. வலது கை கந்தல் சுற்றிச் சீழ் நாறியது. பின்னாலேயே அவன் அம்மா ஓடிவந்து வாசலில் விழுந்தாள்.

"அம்மா, நீங்க நம்ம ஆளு. சும்மா சொல்லுங்க" என்றான் சிப்பாய். "உங்க புருஷனைக் கொன்னது இவன்தான?"

நசெனேபா சொக்கூவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கால்சட்டையில் மூத்திரம் இறங்கியது.

"இவன் இல்ல" என்றாள். "அன்னைக்கு அங்க இவன் இல்ல."

"உங்க பொண்ணைப் பிடிச்சு இழுத்தான்னு தெருவே சொல்லுது."

"அதுக்கு நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துட்டேன். கையைப் பாருங்க."

சிப்பாய் சிரித்தான். மற்றொருவன் துப்பாக்கிக் கட்டையால் சொக்கூவின் நல்ல கையை வாசற்படியில் வைத்து அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. "அப்ப இது எங்க பங்கு" என்றான். திரும்ப லாரியில் ஏற்றினார்கள். நசெனேபா லாரி வரை நடந்து போய், "நான்தான் இல்லன்னு சொன்னேனே" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. சொக்கூ திரும்பி வரவில்லை. அவன் அம்மா சந்தையில் என் எதிர்ச் சாரியில் மிளகாய் விற்கிறாள். சிறையிலிருந்து யார் வந்தாலும் போய் விசாரிப்பாள்.

கொரொத்தூம் அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. "ஆமான்னு சொல்லியிருக்கலாம். அவன் என்னைப் பிடிச்ச இடம் இன்னும் எரியுது" என்று என்னிடம் சொன்னாள். நான் அந்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டேன்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம். முன்பு பேசிவைத்திருந்த மாப்பிள்ளை இல்லை, வேறொருவன், மின்சார வேலை. நசெனேபா கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அஜாமே சந்தைக்குப் போய்ப் பச்சைத் துணி வாங்கிவந்தாள், மலிவு ரகம். வந்த கையோடு இரவல் வாங்கிய மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தைத்து முடித்தாள். லெயோந்தீன் கம்பை ஊன்றிக்கொண்டு ரவிக்கை இறுக்கம் என்று சண்டை போட்டாள். ஊர்வலம் கிளம்பியபோது மழை பிடித்தது. சாயம் நிற்காத துணி. எல்லோர் காலிலும் பச்சை வழிந்தது. யாரும் கூரைக்கு ஒதுங்கவில்லை.